வெறுமையாய் விடப்பட்ட ஓரிடம்

நூலின் பொருளை ஆராய்வது திறனாய்வாளர் பணி; அதன் தாளையும் மையையும் தோலட்டையையும் ஆராய்வது நூலகத்தார் பணி என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். குருமடத்தில் திருநூல்களைக் கற்ற நாள்களிலும் வாசகத்தையே கற்றோம். அவ்வாசகம் எந்தத் தோலில், எந்த மையில், எவர் கையால் எழுதப்பட்டு நம்மிடம் வந்தது என்பதை ஓர் அடிக்குறிப்பாகவே கடந்து சென்றோம். வடஆப்பிரிக்காவில் பிறந்து இசுலாமிய உலகம் முழுவதையும் சுற்றிவந்த ஓர் அரபு மன்றாட்டு நூலின் பழைய கையெழுத்துப் படிகளை நிழற்படங்கள் வழியாகப் பக்கம் பக்கமாகக் காணும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. அப்போதுதான் மேற்சொன்ன பாகுபாடு எத்துணைப் பிழையானது என்பது நமக்கு உறைத்தது. டப்ளினிலுள்ள செஸ்டர் பீட்டி நூலகம், பால்டிமோரிலுள்ள வால்ட்டர்ஸ் கலைக்கூடம் முதலிய நிலையங்கள் தம்மிடமுள்ள ஏடுகளைப் படமெடுத்து யாவரும் காண வைத்திருப்பது இக்காலத்தின் பேறு.

நூலின் பெயர் ‘தலாயிலுல் கைராத்’. ‘நன்மைகளுக்கு வழிகாட்டும் சான்றுகள்’ என்று அதைத் தமிழ்ப்படுத்தலாம். நெடிய முழுப்பெயரில் ஒளிக்கதிர்கள் புலர்வதைக் குறிக்கும் தொடரும் அடங்கியுள்ளது. ஆசிரியர் முகம்மது இப்னு சுலைமான் அல்-ஜஸூலி. மொரோக்கோவின் தென்பகுதியாகிய சூஸ் நாட்டுப் பெர்பர் குலத்தவர், பெஸ் நகரில் பயின்றவர், ஷாதுலிய்யா என்னும் சூபி நெறியைச் சார்ந்தவர், 1465-இல் மறைந்தவர். நபிகள் நாயகத்தின்மீது இறைவனின் ஆசியை வேண்டும் ‘ஸலவாத்து’ மன்றாட்டுகளின் தொகுப்பே இந்நூல். அந்த ஷாதுலிய்யா நெறி பின்னாளில் காயல்பட்டினத்திலும் கொழும்பிலும் வேரூன்றியதை நம் வாசகர் சிலர் அறிந்திருப்பர்.

நூல் பிறந்த கதையாக வழங்கும் மரபு ஒன்றுண்டு. தொழுகைக்கு முன் கைகால் கழுவ நீர் தேடிய ஜஸூலி ஒரு கிணற்றை அடைகிறார். நீர் இறைக்கக் கயிறும் இல்லை, வாளியும் இல்லை. மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி அவர் யாரென்று கேட்கிறாள், ஊரெல்லாம் புகழும் பெரியவருக்கு ஒரு கிணற்றிலிருந்து நீரெடுக்க இயலவில்லையா என்று வியக்கிறாள், கிணற்றில் உமிழ்கிறாள். நீர் பொங்கி விளிம்புவரை ஏறுகிறது. இந்த நிலையை எவ்வாறு அடைந்தாய் என்று அவர் வினவ, நபியின்மீது ஓயாது ஸலவாத்து ஓதியதால் என்கிறாள் அவள். அன்றே இப்படியொரு நூலை இயற்ற அவர் உறுதி பூண்டார் என்பர். யோவான் நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்தைத் தியானித்துப் பழகிய நமக்கு, கிணற்றருகே வாளியின்றி நிற்கும் போதகரும் அவருக்கு மறுமொழி கூறும் பெண்ணும் புதியவர்கள் அல்லர். ஆனால் சிக்காரில் கற்பிப்பவர் போதகர். இங்கோ கற்பிப்பவள் சிறுமி. அறிஞர்கள் நிறைந்த பெஸ் நகரத்துப் படிப்பாளியை ஒரு பெண்பிள்ளை தலைகுனிய வைத்ததை அந்நூலை ஓதியவர்கள் மறைக்காமல் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

இனி ஏட்டின் உடலுக்கு வருவோம். மொரோக்கோவிலும் அண்டை நாடுகளிலும் எழுதப்பட்ட படிகள் பெரும்பாலும் சிறியவை. நீள்சதுரத்தைவிடச் சதுரத்தை நெருங்கிய வடிவம் உடையவை. உள்ளங்கையில் அடங்கும் ஏடுகளும் பல. தோலட்டையின் பின்புறத்திலிருந்து ஒரு மடல் நீண்டு, பக்கங்களின் திறந்த ஓரத்தைப் போர்த்தி, முன்னட்டைக்கு அடியில் செருகிக்கொள்ளும். வழிப்பயணத்தில் புழுதி படாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. அலமாரியில் நிற்பதற்காக இந்நூல் செய்யப்படவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எழுத்து ‘மக்ரிபி’ எனப்படும் மேற்கத்திய அரபு எழுத்து. கீழைநாட்டு எழுத்தில் ‘ஃபா’வுக்கு மேலே ஒரு புள்ளி, ‘காஃப்’புக்கு மேலே இரு புள்ளிகள், மக்ரிபியிலோ முன்னதற்குக் கீழே ஒரு புள்ளி, பின்னதற்கு மேலே ஒரு புள்ளி. வரிக்குக் கீழே விழும் எழுத்துகளின் வால்கள் அகன்ற வளைவுகளாக ஓடி அடுத்த சொல்லைத் தாங்கிப் பிடிப்பதுபோல் தோன்றும். அரபு எழுதுவோர் வரி கோணாதிருக்கக் கையாண்ட முறையும் எளியது: ஒரு பலகையில் இடைவெளி விட்டு நூல்களைக் கட்டி, அதன்மேல் தாளை வைத்து விரலால் தேய்ப்பார்கள், நூலின் தடம் தாளில் பதியும், அத்தடத்தின்மேல் நாணற்பேனா ஓடும். மையால் கோடிழுத்துத் தாளைக் கறைப்படுத்தாத ஒழுங்கு அது.

பொன்னைப் பற்றித்தான் கலைநூலார் மிகுதியாக எழுதுகிறார்கள். பொற்றகட்டைத் தேனிலோ பிசினிலோ குழைத்து, நெடுநேரம் அரைத்து, கழுவி, மையாக்கித் தூரிகையால் தீட்டி, உலர்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இத்தனை உழைப்பும் செல்வரை மகிழ்விக்கும் அலங்காரத்துக்கே என்று முதலில் நாமும் எண்ணினோம். ஏடுகளைப் பொறுமையாகப் புரட்டியபோது வேறொன்று தெரிந்தது. பல படிகளில் பொன்னோ வண்ண மையோ தற்செயலாகத் தெளிக்கப்படவில்லை. ஒவ்வொரு மன்றாட்டும் ‘இறைவா’ என்ற விளியோடு தொடங்குகிறது; அந்த விளிச்சொல்தான் பொன்னிலோ சிவப்பிலோ நீலத்திலோ எழுதப்படுகிறது. எட்ட நின்று பார்த்தால் பக்கம் முழுவதும் ஒளிப்புள்ளிகள். கிட்ட வந்து ஓதினால் அவை அனைத்தும் ஒரே அழைப்பு.

நமது திருப்பலி நூலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அங்கே கறுப்பு மையில் செபம்; சிவப்பு மையில் குருவானவர் செய்ய வேண்டியதைக் கூறும் ஒழுங்குமுறை. நம் நூலில் நிறம் கட்டளையைக் குறிக்கிறது; அவர்கள் நூலில் நிறம் கூப்பிடுதலைக் குறிக்கிறது. ஒன்றைக் காட்டிலும் மற்றொன்று உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. முப்பதாண்டு காலம் அச்சிவப்பு வரிகளுக்குக் கீழ்ப்படிந்து நடந்தவர்கள் என்ற முறையில், அந்தப் பொற்சொற்களைக் கண்டபோது சற்றுப் பொறாமைப்பட்டோம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறோம்.

ஓரங்களில் காணும் வட்டப் பூவேலைகளும் அப்படியே. நூல் எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. திங்களன்று முதற்பகுதியைத் தொடங்கி, மறுதிங்களன்று எட்டாவதை முடித்துப் புதிய சுற்றை அன்றே தொடங்குவது வழக்கம். ஒரு பகுதி எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்பதை ஓதுவோர் கண்ணுக்குக் காட்டுவதே ஓரத்துப் பூவின் பணி. நான்கு வாரச் சுழற்சியில் திருப்புகழ்மாலை செபிக்கும் குருக்களுக்கும் துறவியருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நம் நூலிலுள்ள நாடாக்கள் செய்யும் வேலையை அங்கே பூக்கள் செய்கின்றன. கண்ணாடிப் பேழைக்குள் இரண்டு பக்கங்களை மட்டும் விரித்து வைத்துவிட்டால் இந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. காட்சிக்கூடங்களின்மேல் நமக்குள்ள மனக்குறை இதுவே.

இலக்கியமாக இந்நூலை எடைபோட்டால் என்ன சொல்வது? வெளிப்படையாகச் சொன்னால், தொடர்ந்து வாசிப்பவருக்கு இது அலுப்பூட்டும். வேண்டுவது ஒன்றே, அதையே நூற்றுக்கணக்கான முறை வேண்டுகிறது. நபிகள் நாயகத்தின் 201 பெயர்கள் வரிசையாக வருகின்றன. மழைத்துளிகளின் எண்ணிக்கை, மரத்து இலைகளின் எண்ணிக்கை, மணலின் எண்ணிக்கை என்று எண்ண முடியாதவற்றையெல்லாம் அளவுகோலாக்கி அத்தனை முறை ஆசி பொழியுமாறு கேட்கிறது. ஹல்லாஜின் எரியும் சொற்களையோ இப்னு அரபியின் ஆழங்காணாச் சிந்தனையையோ சூபி இலக்கியம் என்று படித்தவர் இதைக் கையிலெடுத்தால் ஏமாற்றமே அடைவார். ஆயினும் இது வாசிப்பதற்கான நூலன்று, வாயால் ஓதுவதற்கான நூல். தானியேல் நூலின் கிரேக்க இணைப்பில் சூளைக்குள் நிற்கும் மூன்று இளைஞர் மழையையும் பனியையும் பறவைகளையும் ஒவ்வொன்றாக அழைத்துப் பாடும் பாடலைக் கண்ணால் மட்டும் வாசித்துப் பாருங்கள், அதுவும் அலுக்கும். ஞாயிறு காலையில் வாய்விட்டுச் செபித்தால் அலுப்பதில்லை. நமது மன்றாட்டுமாலைகளையும் செபமாலையையும் வெறும் திரும்பக்கூறல் என்று இகழ்வோருக்கு நாம் சொல்லும் மறுமொழியை ஜஸூலிக்கு மறுப்பது நேர்மையாகாது.

இவ்விடத்தில் நமது பழைய பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். சூபி நெறியை இசுலாத்தின் சட்டக் கடுமையிலிருந்து விடுபட்ட அன்பு நெறி என்றும், ஏறத்தாழ அறியாமலே கிறித்தவத்தை நோக்கி நடந்துவந்த நெறி என்றும் மறையுரையிலும் கருத்தரங்கிலும் நாம் பேசியதுண்டு. கேட்டோர் மகிழ்ந்தனர், நமக்கும் அது வசதியாயிருந்தது. ஜஸூலியின் ஏடு அந்த வசதியைத் தகர்த்துவிட்டது. சூபியரிடையே மிகப் பரவலாக ஓதப்பட்ட நூல்களுள் ஒன்றான இது முதலிலிருந்து முடிவுவரை நபியை மையமாகக் கொண்டது. மொரோக்கோவிலிருந்து துருக்கி, எகிப்து, இந்தியா, அச்சே வரை மக்கள் கையில் இருந்த சூபி நூல் எது என்று கேட்டால், நாம் கருத்தரங்குகளில் எடுத்துக்காட்டும் தத்துவ நூல்களை அல்ல, இதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

அது எழுந்த காலமும் நம்மை உறுத்த வேண்டியதே. ஜஸூலி வாழ்ந்த நாள்களில் மொரோக்கோவின் கடற்கரைகளைப் போர்த்துக்கீசியர் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தனர். 1415-இல் சியூத்தா நகரைக் கைப்பற்றியவர்கள் அங்கிருந்த பெரிய பள்ளிவாசலைக் கோவிலாக்கித் திருப்பலி நிறைவேற்றினர். 1455-இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாசின் ஆணைமடல் அம்மன்னருக்கு அப்பெருங்கடற்பகுதியில் வெற்றியுரிமைகளை வழங்கியது. ஜஸூலியின் வழிவந்தோர் பின்னர் போர்த்துக்கீசியரை எதிர்த்த இயக்கத்தின் முதுகெலும்பாயினர். அதே போர்த்துக்கீசிய ஆட்சியின் நிழலில்தான் 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றனர். நம் முன்னோருக்கு நற்செய்தியைக் கொணர்ந்த பாய்மரங்கள் இந்த ஏட்டை எழுதியவர்களின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

இப்போது படங்களுக்கு வருவோம். உருவங்களைத் தவிர்க்கும் நெறியில் பிறந்த இந்நூலில் படம் உண்டு என்பதே பலருக்கு வியப்பாயிருக்கும். நபிகள் நாயகமும் முதலிரு கலீபாக்களான அபூபக்கரும் உமரும் மதீனாவில் அடக்கம் செய்யப்பட்ட ‘ரவ்ளா’வின் அமைப்பைச் சொல்லும் ஒரு பகுதி நூலில் வருகிறது. அப்பகுதியில்தான் படம். பழைய மக்ரிபிப் படிகளில் அது கிட்டத்தட்ட ஒரு வரைபடமே: ஒரு வளைவு, அதில் தொங்கும் விளக்கு, அதன்கீழ் ஒன்றுக்கொன்று சற்று விலகிப் படிக்கட்டுபோல் அமைந்த மூன்று நீள்சதுரங்கள். மனித உருவம் இல்லை, வானம் இல்லை, மரம் இல்லை. எதிர்ப்பக்கத்தில் சில படிகளில் நபியின் பள்ளிவாசல் மேடையும் மாடமும்.

நூல் உதுமானியப் பேரரசுக்குள் பரவியபோது படம் மாறிற்று. எழுத்து நஸ்கு ஆயிற்று, வடிவம் நீண்டது, 18-ஆம் நூற்றாண்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் மக்காவும் மதீனாவும் பறவைப் பார்வையில் விரிந்தன. மினார்கள், கவிகைமாடங்கள், குன்றுகள், பேரீச்ச மரங்கள், சில படிகளில் மேற்கத்திய ஓவியமுறையின் தொலைவுத் தோற்றமும்கூட. கலைத்திறன் என்ற அளவில் இவை வியக்கத்தக்கவை. ஏலக்கூடங்களும் இவற்றையே விரும்புகின்றன. எனினும் நம் தீர்ப்பு பழைய எளிய படத்தின் பக்கமே சாய்கிறது. பறவைப் பார்வையில் மதீனாவைக் காண்பவர் பயணியாகிறார். ஊரைச் சுற்றிப் பார்க்கிறார். மூன்று நீள்சதுரங்களின்முன் நிற்பவருக்குச் சுற்றிப் பார்க்க ஏதுமில்லை. அவர் கல்லறையின்முன் நிற்கிறார்.

படத்தைத் தொட்டு முத்தியவர்கள் இருந்திருக்கிறார்கள். சில ஏடுகளில் அவ்விடத்து வண்ணம் தேய்ந்து மங்கியிருக்கிறது. இதைச் சிதைவு என்று குறிப்பது பட்டியல் எழுதுவோர் மரபு. இடைக்கால ஐரோப்பாவின் திருப்பலி நூல்களிலும் நற்கருணை மன்றாட்டின் தொடக்கத்திலுள்ள சிலுவைப் படத்தைக் குருக்கள் முத்தி முத்தி அழித்திருக்கின்றனர். ஓவியம் பாழாகாதிருக்கப் பக்கத்தின் அடியில் முத்துவதற்கென்றே ஒரு சிறு சிலுவையைத் தனியே தீட்டும் வழக்கமும் தோன்றியது. அது அழிவா, பயனா என்பதை அந்த உதடுகளைத்தான் கேட்க வேண்டும். நஜ்து நாட்டில் 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த சீர்திருத்த இயக்கத்தார் இத்தகைய பக்தியையும் இந்நூலையும் கடுமையாகக் கண்டித்தனர். நம் திருச்சபையிலும் சிலைகளையும் பக்திமுயற்சிகளையும் பற்றிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பங்குக் கோவில்களில் எத்தனை சுரூபங்கள் கிடங்குக்குப் போயின என்பதை மூத்த வாசகர் அறிவர்.

நம்மை நிறுத்திய இடம் படம் அன்று, அதை ஒட்டிய வாசகம். மூன்று கல்லறைகளின் இடத்தையும் பழைய செவிவழிச் செய்தி ஒன்றைக் கொண்டு விளக்கும் ஜஸூலி, கிழக்குப் பக்கத்தில் இன்னுமொரு கல்லறைக்கான இடம் வெறுமையாய் இருக்கிறது என்கிறார். அது யாருக்கு? மர்யமின் மகன் ஈஸாவுக்கு என்று சொல்லப்படுவதாகவும், இறைவனே நன்கறிவான் என்றும் எழுதுகிறார்.

இவ்வரிகளைக் கண்டபோது நாம் ஏட்டைப் புரட்டுவதை நிறுத்திவிட்டோம். பெஸ்ஸிலும் இஸ்தான்புல்லிலும் வாரந்தோறும் ஓதப்பட்ட ஒரு நூலில், பொன்னும் வண்ணமும் தீட்டிய பக்கங்களுக்கு நடுவே, நம் ஆண்டவருக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதுவும் கல்லறையில். உரையாடலை விரும்புவோர் உடனே மகிழக்கூடும்: பாருங்கள், அவர்களும் இயேசுவை எதிர்பார்க்கிறார்கள் என்று. நமக்கும் அந்தச் சோதனை வந்தது. ஆனால் அந்த வெறுமை என்ன சொல்கிறது? இசுலாமிய நம்பிக்கையில் ஈஸா நபி சிலுவையில் இறக்கவில்லை, உயர்த்தப்பட்டார், இறுதிக் காலத்தில் இறங்கி வருவார், பின்னர் எல்லா மனிதரையும்போல் இறப்பார், அடக்கம் செய்யப்படுவார். அவ்விடம் வெறுமையாய் இருப்பதற்குக் காரணம் அவர் இன்னும் இறக்காதது. நம் நம்பிக்கையிலோ எருசலேமில் ஒரு கல்லறை வெறுமையாய் இருக்கிறது. காரணம் அவர் இறந்து உயிர்த்தது. இரண்டு வெறுமைகளையும் ஒன்றாகக் கருதுவோர் இரண்டையும் அறியாதவரே. ஜஸூலியின் அந்த ஒரு வாக்கியத்தில் நமது புனித வெள்ளி இல்லை. புனித வெள்ளி இல்லாததால் நமது பாஸ்காவும் இல்லை.

அப்படியானால் ஏட்டை மூடிவிடலாமா? மூட இயலவில்லை. 1965-இல் வெளியான ‘நோஸ்த்ரா எத்தாத்தே’ அறிக்கை, இசுலாமியர் இயேசுவைக் கடவுளாக ஏற்காவிடினும் இறைவாக்கினராக மதிக்கின்றனர், அவருடைய கன்னித்தாயைப் போற்றுகின்றனர் என்று கூறுகிறது. குருமடத்தில் அவ்வரியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். ‘மதிக்கின்றனர்’ என்னும் சொல் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று அன்று நமக்குத் தெரியவில்லை. தம் நெஞ்சுக்கு மிக நெருக்கமான இடத்தில், தம் நபியின் அருகில், ஒரு மனிதரின் உடல் கிடத்தும் அளவுக்கு இடம் என்று இப்போது அறிகிறோம். அந்த இடம் நாம் ஏற்கும் இடமன்று. எனினும் கொடுப்பவர் தம்மிடமுள்ள மிகச் சிறந்த இடத்தைக் கொடுத்திருக்கிறார்.

1883-84-இல் யூதர் வேடத்தில் மொரோக்கோவைச் சுற்றிவந்த பிரெஞ்சுப் படைவீரர் சார்லஸ் தெ பூக்கோ, அங்கு இசுலாமியர் இறைமுன்னிலையில் வாழ்ந்ததைக் கண்டு உள்ளம் கலங்கினார். 1886-இல் தம் பழைய கத்தோலிக்க நம்பிக்கைக்குத் திரும்பினார். 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் இசுலாத்தைத் தழுவவில்லை. அதைத் தம் நம்பிக்கையின் முதற்படி என்று சுருக்கிவிடவும் தேவையில்லை. அடுத்தவர் செபிப்பதைப் பார்த்துத் தாம் செபிக்காமையை உணர்ந்தார் என்பது போதும்.

கல்லறைகளின் ஒழுங்கை அவ்வளவு கவனமாக எழுதிய ஜஸூலிக்குத் தம் கல்லறையில் அமைதி கிட்டவில்லை. அவர் நஞ்சூட்டப்பட்டு இறந்ததாக நம்பிய சீடர் ஒருவர் அவர் உடலைப் பேழையில் வைத்துப் பல ஆண்டுகள் போர்க்களங்களுக்குச் சுமந்து சென்றார். 1520-களில் ஸஅதிய்ய மன்னர் அவ்வுடலை மராக்கேஷ் நகருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார். அந்நகரின் ஏழு இறைநேசர்களுள் ஒருவராக இன்றும் அவரை நாடி மக்கள் வருகின்றனர்.

ஏடுகளைப் பட்டியலிடுவோர் தாளின் நீள அகலம், பக்கத்துக்கு எத்தனை வரி, பொன்னின் தரம், தோலட்டையின் நிலை ஆகியவற்றைத் தவறாது குறிக்கிறார்கள். அவர்கள் உழைப்பின்றி இக்கட்டுரையும் இல்லை. கல்லறைப் படத்தையும் குறிக்கிறார்கள்: மூன்று கல்லறைகள் என்று. நான்காவதற்கான இடம் வாசகத்தில் மட்டும் இருப்பதால், வாசகத்தை ஓதாதவர் கண்ணில் அது படுவதில்லை. அதைத் தொடர்ந்து வருவது நபியின் துணைவியார் ஆயிஷாவின் கனவு. அவர் அறைக்குள் வானிலிருந்து நிலவுகள் விழுகின்றன; உலகோரில் சிறந்தவர்கள் உன் வீட்டில் அடக்கம் செய்யப்படுவர் என்று தந்தை அபூபக்கர் அதற்குப் பொருள் உரைக்கிறார். கனவில் விழுந்த நிலவுகள் மூன்று.